கேட்டுவிட்டு மறுக்கட்டும்

விசா பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர்கள் ஒரே வாக்கியத்தில் அதை முடித்துவிடுகிறார்கள்: "அவன் நாடு, அவன் இஷ்டம், கொடுத்தால் கொடுப்பான், இல்லாவிட்டால் இல்லை." இதில் பாதி உண்மைதான். வேற்று நாட்டவர் எவருக்கும் ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும் உரிமை கிடையாது. யாரை அனுமதிப்பது என்பதை அந்த நாட்டின் நாடாளுமன்றமே தீர்மானிக்கிறது. ஆனால் ஒருவருக்கு விசா மறுக்கவோ, கையில் இருக்கும் விசாவை ரத்து செய்யவோ முற்படும் அதிகாரி, அவருக்கு எதிராகத் தன் கோப்பில் உள்ள விவரத்தை அவரிடம் சொல்லி, அவர் தரும் பதிலைப் படித்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்ற கடமை, இந்நாட்டுச் சட்டத்தில் விசா என்ற அனுமதியிலிருந்து தனியாக நிற்கிறது. விசா கிடைக்குமா என்பது ஒரு கேள்வி, அது நியாயமான முறையில் மறுக்கப்பட்டதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால், இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்திலும் பலர் வாய் திறப்பதில்லை.

நான் வழக்கறிஞர் அல்லன், பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட்டும் அல்லன். பதிவு இல்லாதவர்கள் குடிவரவு ஆலோசனை வழங்குவது இங்கே குற்றம் என்பதால், தெரிந்தவர்கள் கொண்டுவரும் கடிதத்தை வாசித்துத் தமிழில் பொருள் சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன். அடுத்து என்ன செய்வது என்று கேட்டால், உரிமம் உள்ளவர்களிடம் அனுப்பிவிடுவேன். மெல்பர்னில் இப்படிப் பல கடிதங்களைப் படித்ததால்தான் விசா வழக்குகளில் நீதிமன்றங்கள் சொன்ன தீர்ப்புகளைத் தேடிப் படிக்கும் பழக்கமும் வந்தது.

தொடக்கம் 1985. டோங்கா தீவு நாட்டிலிருந்து தற்காலிக அனுமதியில் வந்து, காலம் முடிந்த பின்னும் தங்கிவிட்ட ஒரு தம்பதியை நாடு கடத்த உத்தரவு பிறந்தது. உத்தரவுக்கு முன் அதிகாரிக்கு வைக்கப்பட்ட குறிப்பின் 22-ஆம் பத்தியில், குடிவரவுச் சட்டங்களை ஏய்க்க முயலும் மற்றவர்களுடன் கணவர் தீவிரமாகச் சேர்ந்து செயல்படுவது கவலைக்குரியது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவரிடம் யாரும் காட்டவில்லை. அது உண்மையா என்று கேட்கவும் இல்லை. கியோவா எதிர் வெஸ்ட் என்று அறியப்படும் அந்த வழக்கில், ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த நீதிமன்றமான ஹை கோர்ட், தலைமை நீதிபதி கிப்ஸ் நீங்கலாக மற்ற நால்வரின் தீர்ப்பால், அந்த நாடுகடத்தல் உத்தரவைச் செல்லாததாக்கியது. தம்பதி அனுமதிக்காலம் கடந்து தங்கியிருந்தார்கள் என்பதில் ஐயமே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கும், தங்களைப் பற்றி எழுதப்பட்ட கெடுதலான ஒரு வரிக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்றதுதான் அந்தத் தீர்ப்பின் கனம்.

இந்தக் கடமை எங்கிருந்து வருகிறது என்பதில் அதே அமர்வின் நீதிபதிகளே ஒன்றுபடவில்லை: நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான பொதுச் சட்டத்திலிருந்து வருகிறது என்றார் மேசன், அதிகாரத்தைத் தரும் சட்டத்துக்குள்ளேயே மறைபொருளாக இருக்கிறது என்றார் பிரென்னன். ஏட்டளவிலான சண்டையாகத் தோன்றினாலும், இரண்டு வழியிலும் நாடாளுமன்றம் தெளிவான சொற்களால் இந்தக் கடமையை நீக்கிவிட முடியும் என்பது தான் பின்னால் நடந்த அனைத்துக்கும் விதை.

நீதிமன்றம் கட்டியதை நாடாளுமன்றம் அரிக்கத் தொடங்கியது. 1992-இல் நிறைவேறி 1994 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், விசா முடிவுகளுக்கென ஒரு நடைமுறைத் தொகுப்பையே சட்டத்தில் எழுதிவைத்தது: எந்தத் தகவலை விண்ணப்பதாரரிடம் சொல்ல வேண்டும், எத்தனை நாள் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். ஆனால் 2001-இல் ஒரு வங்கதேசத்தவரின் வழக்கில், அவருடைய நாட்டில் ஆட்சி மாறிவிட்டது என்ற புதிய தகவலை அவரிடம் கேட்காமலேயே பயன்படுத்தியது தவறு என்றும், எழுதிவைத்த தொகுப்பு இருந்தாலும் பழைய பொதுச் சட்டக் கடமை உயிரோடுதான் இருக்கிறது என்றும் ஹை கோர்ட் சொல்லிவிட்டது. மறு ஆண்டே அரசு பதிலடி கொடுத்தது. 2002-இல் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவு, இந்தத் தொகுப்பு கையாளும் விஷயங்களில் இதுவே இயற்கை நீதியின், அதாவது கேட்டுவிட்டு முடிவெடுக்கும் கடமையின், முழுமையான விளக்கம், இதற்கு மேல் எதுவும் கிடையாது என்று அறிவித்தது.

அந்தப் பிரிவின் பொருளைச் சோதித்தது ஒரு சமையலறை. பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு பெண், தாம் ஓர் உணவகத்தில் சமையற்காரராக வேலை பார்த்ததாகச் சொல்லி, திறன் அடிப்படையிலான விசாவுக்கு விண்ணப்பித்தார். தூதரக அதிகாரிகள் அந்த உணவகத்துக்கே போய் விசாரித்தபோது, இங்கே பெண்கள் எவரும் வேலை பார்த்ததே இல்லை என்று பதில் கிடைத்தது. விசா மறுக்கப்பட்டது, அப்படி ஒரு விசாரணை நடந்ததும் அதில் கிடைத்த பதிலும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. அவர் நாட்டுக்கு வெளியே இருந்து விண்ணப்பித்தவர், எதிரான தகவலைச் சொல்லும் விதி உள்ளே இருப்பவர்களுக்குத்தான், ஆகவே சொல்ல வேண்டிய கடமை இல்லை என்பது அரசின் வாதம். 2010-இல் ஹை கோர்ட் அதை ஏற்கவில்லை. தொகுப்பு கையாளும் விஷயங்களில்தான் தொகுப்பு முடிவானது. வெளியிலிருந்து விண்ணப்பிப்பவரைப் பற்றித் தொகுப்பு மௌனமாக இருந்தால், அந்த மௌனத்துக்குள் பழைய கடமை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றது. அந்தப் பெண் உண்மையில் அங்கே சமைத்தாரா, சம்பளச் சீட்டு வைத்திருந்தாரா, பதில் சொன்ன ஆள் யார் என்பதெல்லாம் நமக்குத் தெரிய வேண்டியதில்லை. கேட்டிருந்தால் அவற்றைச் சொல்ல அவருக்கு இடம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். சயீத் வழக்கு எனப்படும் இந்தத் தீர்ப்பு, சென்னையிலோ கொழும்பிலோ உட்கார்ந்து விண்ணப்பிப்பவருக்கும் முக்கியமானது.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். கடிதத்தைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும், "நம்பிக்கை இல்லை என்று எழுதியிருக்கிறான், ஏன் நம்பவில்லை என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே" என்று குமுறுகிறார்கள். தன் மனதுக்குள் ஓடும் எண்ணத்தை அதிகாரி முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. நீங்களே கொடுத்த வங்கிக் கணக்கு விவரத்தைப் பார்த்து, இந்த வருமானத்துக்கு இந்தப் பயணச் செலவு பொருந்தவில்லை என்று அவர் நினைத்தால், அதை உங்களிடம் கேட்காமலேயே மறுக்கலாம். வேறு எங்கிருந்தோ வந்த, உங்களைக் குறித்த தகவலை வைத்து மறுத்தால்தான் சிக்கல். இடைப்பட்ட நிலையும் உண்டு. 2006-இல் ஈரானைச் சேர்ந்த ஒரு மாலுமியின் அகதி வழக்கில், குடிவரவுத் துறை அதிகாரி சந்தேகிக்காத சில பகுதிகளையே, அவர் முடிவை மறுஆய்வு செய்யும் தீர்ப்பாயம் பிடித்துக்கொண்டு, அவை நம்பும்படி இல்லை என்று தள்ளிவிட்டது. அந்தப் பகுதிகள் கேள்விக்குள்ளாகின்றன என்பதே அவருக்குத் தெரியாது. எது தீர்மானிக்கும் பிரச்சினையோ அதை அவர் அறிந்திருக்க வேண்டும் என்று ஹை கோர்ட் அங்கே அவர் பக்கம் நின்றது.

நடைமுறையில் மனிதர்கள் அடிபடுவது இந்த உயர்ந்த கோட்பாடுகளில் இல்லை, தபாலில். சட்டப்படி மின்னஞ்சலில் அனுப்பிய கடிதம், அனுப்பிய நாளின் முடிவிலேயே உங்களுக்குக் கிடைத்துவிட்டதாகக் கருதப்படும். நீங்கள் திறந்தீர்களா, ஸ்பாமில் போய் விழுந்ததா என்பது கணக்கில் வராது. உள்நாட்டுத் தபால் என்றால் கடிதத் தேதியிலிருந்து ஏழு வேலை நாட்கள். படிவத்தில் ஏஜென்ட்டின் பெயரைப் பெறுநராகக் கொடுத்திருந்தால், அவருக்கு அனுப்பியதே உங்களுக்கு அனுப்பியதாகும். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவரின் விசா ரத்துக் கடிதத்தை நான் படித்தபோது, அதற்கு முந்தைய நோட்டீஸ், அதாவது "உங்கள் விசாவை ரத்து செய்ய உத்தேசித்திருக்கிறோம், காரணம் இது, பதில் சொல்லுங்கள்" என்ற கடிதம், எப்போதோ கடையைக் கட்டிவிட்ட ஓர் ஏஜென்ட்டின் மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. படிப்பை மாற்றும் இடைவெளியில் அவர் எந்தக் கல்லூரியிலும் பதிவில் இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அதற்கு அவரிடம் மருத்துவச் சான்றும் புதிய கல்லூரியின் சேர்க்கைக் கடிதமும் இருந்தன. பகுதிநேர வேலை கொடுத்த முதலாளி அரசின் விசா சரிபார்ப்புத் தளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்தபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. தாளின்படி எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது: நோட்டீஸ் போயிற்று, அவகாசம் தரப்பட்டது, பதில் வரவில்லை, ரத்து. கேட்டதாகச் சட்டம் கருதுவதும் உண்மையில் கேட்பதும் எவ்வளவு தள்ளி நிற்க முடியும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்கவில்லை. ஏஜென்ட்டின் மோசடியே காரணம் என்று நிரூபித்தால் நீதிமன்றம் தலையிடும். 2007-இல், உரிமம் இல்லாத ஓர் ஆலோசகர் சொன்னதை நம்பி விசாரணைக்குப் போகாமல் இருந்துவிட்ட ஒரு குடும்பத்துக்கு ஹை கோர்ட் மறுவிசாரணை பெற்றுத் தந்தது. வெறும் அலட்சியத்துக்கு அந்தக் கதவு திறப்பதில்லை.

இனி உலகமே பார்த்த வழக்குக்கு வருகிறேன். 2022 ஜனவரி 5 இரவு மெல்பர்ன் விமான நிலையத்தில் இறங்கிய டென்னிஸ் வீரர் நோவாக் ஜோக்கோவிச்சிடம், கொரோனா தடுப்பூசி போடாததைக் காரணம் காட்டி விசாவை ரத்து செய்ய உத்தேசிக்கும் நோட்டீஸ் விடியற்காலையில் கொடுக்கப்பட்டது. 5.20 மணிக்கு, பதில் சொல்ல 8.30 வரை நேரம் இருக்கிறது என்று அவரிடம் சொன்னார்கள். ஆனால் 6.14 வாக்கிலேயே பதிலைக் கேட்டுவிட்டு, 7.42-க்கு ரத்து செய்துவிட்டார்கள். 8.30 வரை விட்டிருந்தால் அவர் மற்றவர்களைக் கலந்து ஆலோசித்து, ஏன் ரத்து செய்யக்கூடாது என்று வாதம் வைத்திருக்க முடியும் என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டதால், ஜனவரி 10 அன்று நீதிபதி அந்தோணி கெல்லி அந்த முடிவை ரத்து செய்தார். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான அவகாசத்தைப் பிடுங்கிக்கொண்டதற்காக அரசு தோற்றது. காலை நேரத்தில், தூங்காமல், வழக்கறிஞர் இல்லாமல், அதே மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எத்தனையோ மாணவர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் நினைத்துக்கொண்டேன். அவர்களுக்காக நான்கு நாளில் எந்த நீதிமன்றமும் கூடிவிடாது.

எல்லாரும் இந்த முதல் பாதியைத்தான் பேசினார்கள். சட்டத்தின் உண்மையான முகம் இரண்டாம் பாதியில் இருக்கிறது. நான்கு நாள் கழித்து, ஜனவரி 14 அன்று, குடிவரவு அமைச்சர் அலெக்ஸ் ஹாக் தம் தனிப்பட்ட அதிகாரத்தைப் பயன்படுத்தி, பொது நலன் கருதி அதே விசாவை மறுபடியும் ரத்து செய்தார். அமைச்சர் தாமே எடுக்கும் அந்த முடிவுக்கு இயற்கை நீதி விதிகள் பொருந்தா என்று 133சி பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அவர் இங்கே இருப்பது தடுப்பூசிக்கு எதிரான மனநிலையை வளர்க்கக்கூடும் என்பது அமைச்சர் சொன்ன காரணங்களில் ஒன்று. தடுப்பூசி பற்றி இப்போது உங்கள் கருத்து என்ன என்று ஜோக்கோவிச்சிடம் அமைச்சர் கேட்கவில்லை, கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்பதே நிலை. ஜனவரி 16 அன்று ஃபெடரல் கோர்ட்டின் மூவர் அமர்வு ஒருமனதாக அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது; முடிவு சரியா தவறா என்பதைப் பார்ப்பது எங்கள் வேலை அல்ல, அது சட்டத்துக்கு உட்பட்டதா என்பதே எங்கள் வேலை என்று தன் காரணங்களில் விளக்கியது.

அந்தத் தீர்ப்பு சட்டப்படி சரி என்றே நினைக்கிறேன். எனக்கு உறுத்துவது சட்டத்தின் அமைப்பு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது நம் ஊர்ப் பேச்சு; இங்கே பூசாரிக்கு ஆயிரம் விதி, சாமிக்கு ஒன்றும் இல்லை. விமான நிலையத்தில் இரவுப் பணியில் இருக்கும் கீழ்நிலை அதிகாரி நிமிடக் கணக்குப் பார்த்துக் கேட்டாக வேண்டும். ஆலோசகர்களும், நாட்கணக்கில் அவகாசமும், ஓர் அமைச்சகமே பின்னாலும் இருக்கிறவர் கேட்காமலேயே முடிக்கலாம். அவசர நிலைக்காகவே இந்த அதிகாரம் என்பது வழக்கமான சமாதானம். அவசரம் என்றால் கேட்பதற்கான நேரத்தைச் சுருக்கலாம். நான்கு நாள் யோசித்து எடுத்த முடிவுக்கு அந்தச் சமாதானம் எப்படிப் பொருந்தும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதலில் ரத்து, பிறகு கேள்வி என்ற முறை, குற்றப் பின்னணியைப் பார்க்கும் நற்பண்புச் சோதனையிலும் இருக்கிறது. 2014 டிசம்பரில் வந்த திருத்தத்தின்படி, 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்று, முழுநேரச் சிறையில் இருப்பவரின் விசாவை ரத்து செய்தே ஆக வேண்டும். சிறுவயதில் வந்து, பேரன் பேத்தி எடுக்கும்வரை இங்கேயே வாழ்ந்தவராக இருந்தாலும் இதே விதிதான். அந்த ரத்துக்கு முன் ஒரு சொல்லும் கேட்கத் தேவையில்லை. அதன் பின் 28 நாளுக்குள் எழுதிக் கேட்டால் ரத்தை விலக்குவது பற்றிப் பரிசீலிப்பார்கள். அந்த விலக்கலும் துறை அதிகாரியால் மறுக்கப்பட்டால் தீர்ப்பாயத்துக்குப் போக 9 நாள். சிறைக்குள்ளிருந்து, பழைய வேலைச் சான்றும் மனைவியின் கடிதமும் மருத்துவர் அறிக்கையும் 28 நாளில் திரட்டுவது எப்படி என்று ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம். 2021-இல் ஹை கோர்ட்டுக்கு வந்தவர் ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஹஸாரா இனத்து ஆப்கானியர். கடிதம் அவருக்குப் புரியுமா என்று பார்க்கும் கடமை அமைச்சருக்கு இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் 28 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதைக் கடிதம் சரியாகக் குறிப்பிடவில்லை என்பதால் அந்த அழைப்பே செல்லாது என்றது. மொழி தெரியாதது அவரைக் காப்பாற்றவில்லை, தேதிக் கணக்கு காப்பாற்றியது.

தமிழர்களுக்கும் இந்தச் சட்ட வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு, அது நம்மில் பலருக்குத் தெரியாமலேயே இருக்கிறது. 2009 அக்டோபரில் படகில் கிறிஸ்துமஸ் தீவை வந்தடைந்த இரண்டு இலங்கைத் தமிழர்கள், எம்61, எம்69 என்ற குறியீடுகளால் மட்டும் அறியப்படுபவர்கள், தங்கள் அகதிக் கோரிக்கை ஆராயப்பட்ட விதத்தை எதிர்த்து ஹை கோர்ட்டுக்குப் போனார்கள். படகில் வந்தவர்களுக்கு விசாவுக்கு விண்ணப்பிக்கவே உரிமை இல்லை, அமைச்சர் விரும்பினால் அந்தத் தடையை நீக்கலாம், ஆகவே இங்கே நடப்பது வெறும் துறை உள்விசாரணை, இதற்கு நீதிமன்ற விதிகள் எதற்கு என்பது அரசின் நிலை. 2010 நவம்பர் 11 அன்று ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் அதை நிராகரித்தார்கள். அந்த விசாரணை முடியும்வரை அவர்கள் அடைத்துவைக்கப்பட்டிருக்கிறார்கள். சுதந்திரத்தை நேரடியாகத் தொடும் விசாரணை, சட்டப்படியும் நியாயமான முறையிலும் நடந்தாக வேண்டும் என்றார்கள். இலங்கை நிலவரம் குறித்து விசாரித்தவர் தாம் நம்பிய தகவல்களின் சாரத்தைக்கூட அவர்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்காதது குறை என்று சுட்டிக்காட்டினார்கள். ஆனாலும் தடையை நீக்குவது பற்றி யோசிக்க வேண்டும் என்ற கடமையே அமைச்சருக்கு இல்லாததால், இதைச் செய் என்று அவருக்கு உத்தரவிட நீதிமன்றத்தால் முடியவில்லை. நடந்தது தவறு என்று அறிவிக்கத்தான் முடிந்தது.

அந்தத் தீர்ப்பு போட்ட வழியில்தான் பிலோயலா குடும்பத்தின் வழக்கும் நடந்தது. குவீன்ஸ்லாந்தின் அந்தச் சிறிய ஊரில் வாழ்ந்துவந்த இலங்கைத் தமிழ்க் குடும்பத்தின் இளைய குழந்தை ஆஸ்திரேலிய மண்ணில் பிறந்தது. ஆனாலும் பெற்றோர் படகில் வந்தவர்கள் என்பதால் சட்டத்தின் கண்ணில் அதுவும் படகில் வந்ததுதான். குழந்தைக்கான தடையை நீக்கலாமா என்று துறை ஆராய்ந்தது, ஆனால் ஆராய்கிறோம் என்று குடும்பத்திடம் சொல்லவுமில்லை, கருத்துக் கேட்கவுமில்லை. 2020 ஏப்ரலில் ஃபெடரல் கோர்ட் அதை நியாயமற்ற நடைமுறை என்று தீர்ப்பளித்தது, 2021 பிப்ரவரியில் மேல்முறையீட்டு அமர்வும் அதை உறுதி செய்தது; செலவுத் தொகையாக அரசு 2 லட்சம் டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது. குடும்பத்துக்கு நிரந்தர விசா கிடைத்தது 2022 ஆகஸ்டில், ஆட்சி மாறிய பிறகு, அமைச்சரின் முடிவால். வழக்கு அவர்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது நாட்டில் நிற்பதற்கான காலத்தை மட்டுமே.

2012 ஆகஸ்டுக்கும் 2014 தொடக்கத்துக்கும் இடையில் படகில் வந்தவர்களுக்கு, அவர்களில் நம்மவர்கள் கணிசம், 'விரைவு வழி' என்று தனியாக ஒரு மறுபரிசீலனை அமைப்பை உருவாக்கினார்கள். நேர்முக விசாரணை பொதுவாகக் கிடையாது, கோப்பைப் பார்த்தே முடிவு, புதிய ஆதாரம் கொடுக்க வேண்டுமென்றால் விதிவிலக்கான சூழ்நிலையைக் காட்ட வேண்டும். சித்திரவதையை முதல் நேர்காணலிலேயே வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போனவருக்கு இந்த அமைப்பு என்ன செய்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 14 அன்று புதிய நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் தொடங்கியபோது அந்த அமைப்பு மூடப்பட்டது. அதனிடம் ஏற்கெனவே தோற்றவர்களின் முடிவுகள் மூடப்படவில்லை.

கடைசியாக, வழக்காடுபவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு தடை. நடைமுறை தவறிவிட்டது என்று காட்டினால் மட்டும் போதாது. அது சரியாக நடந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்க நடைமுறைச் சாத்தியம் உண்டு என்றும் காட்ட வேண்டும். "கேட்டிருந்தாலும் இதே முடிவுதான்" என்ற அரசின் பதில் சில ஆண்டுகள் பலரை வீழ்த்தியது. 2022-இலும் 2024-இலும் வந்த ஹை கோர்ட் தீர்ப்புகள் இந்தத் தடையின் உயரத்தைக் குறைத்திருக்கின்றன: அன்று என்ன சொல்லியிருப்பேன் என்று ஒவ்வொரு வரியாக நிரூபிக்கத் தேவையில்லை, நியாயமாக ஊகிக்க முடிந்தால் போதும். வென்றாலும் விசா கையில் வராது. கோப்பு மறுபடியும் முடிவெடுக்கப் போகும், இம்முறை ஒழுங்காகக் கேட்டுவிட்டு அதே மறுப்பு வரவும் கூடும். நீதிமன்றத்துக்குப் போக 35 நாள். அது கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, முடிவின் மேல் போட்டிருக்கும் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது.